பாட்டுக்கு ஒரு விரற்கடை

இறங்கும். அதுதான் அதன் குணம்.
முதல் போல்காவில் முழங்கைக்கு நேராக இருக்கும்.
இரண்டாவதில் ஒரு விரற்கடை கீழே.
மூன்றாவது முடிவதற்குள்
பேஸ் டிரம்மின் தோளில் தாடையை வைத்துத்
தூங்கிவிடும் அந்தச் சின்ன டாம்.

தூங்கித் தூங்கி ஒரு தழும்பு,
பிறை வடிவில்.
ஷாம்பெயின் மினுமினுப்பு உரிந்து
உள்ளே மரம் தெரிகிறது.

அல்கோமாவில் ஒரு மதுக்கடை மூடியபோது
மூன்று குளிர்காலம் அவர்கள் வாசலில் பனி தள்ளிய கூலிக்கு
ஈடாக வந்த செட் இது.
பணமாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

செய்யாத வைத்தியம் இல்லை.
பியர் டப்பாவைக் கத்தரித்துத் தகடாகச் செருகினேன்.
பிளம்பர் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றினேன்.
டோரின் ப்ரிபில் தன் மாட்டுக் கொட்டகையிலிருந்து
பால் குழாயின் கிளாம்ப் ஒன்றைக் கொண்டுவந்தாள்,
அக்கார்டியன் பெட்டிக்குள்ளேயே போட்டு.
அது ஒரு கல்யாணமும் இன்னொன்றில் பாதியும் தாங்கியது.
மீதிப் பாதியில்
இடது கையால் தூக்கிப் பிடித்து வலது கையால் வாசித்தேன்.
மாப்பிள்ளையின் மாமா அதை வித்தை என்று நினைத்துக் கைதட்டினார்.

குறை எங்கே என்று தெரியாமலில்லை.
இறுக்கும் திருகுக்கு மரை தேய்ந்துவிட்டது.
"அதுக்கு மட்டுமா?" என்பான் ஆர்லன்.

பிப்ரவரி. கவுண்டி ஷெட். இரவு இரண்டு மணி.
பதினோராம் நம்பர் பனி லாரி
ஷிப்ட் முடிந்து சொட்டிக்கொண்டு நிற்கிறது.
ஹீட்டர் பக்கத்தில் பேஸ் டிரம்மைப் படுக்கவைத்து
ஒரு பக்கத் தோலைக் கழற்றினேன்.

புதுத் தாங்கி தபாலில் வந்திருந்தது.
இரட்டைக் கம்பி, குழிக்குள் உருளும் பந்து,
இடுப்பு மூட்டுக்கு டாக்டர் வைக்கும் எக்கு மாதிரி.
பழையதற்கு வரிசையாக மூன்று துளை,
புதியதற்குச் சதுரமாக நான்கு.
பேருக்கு ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

மில்வாக்கியில் பழைய டிரம் சேர்க்கும் ஒருவர்
போனில் கெஞ்சினார்:
துளை போட்டால் விலை பாதியாகிவிடும்.
விற்கிற எண்ணமில்லை என்றேன்.
"அப்படியானால் பாவம்" என்றார்.
யார் பாவம் என்று சொல்லாமல் வைத்துவிட்டார்.

மேலே மாஸ்கிங் டேப்.
உள்ளே முட்டுக்கொடுக்க ஒரு கட்டை.
முதலில் மெல்லிய பிட், பிறகு அடுத்தது, பிறகு அதற்கடுத்தது.
அவசரப்பட்டால் மினுமினுப்பு சில்லுச் சில்லாகப் பெயரும்.
ஆர்லன் டார்ச் பிடித்தான்,
பத்து நிமிடம் பேசாமல். அதை எழுதிவைக்க வேண்டும்.
நான்காவது துளையில் பிட் கொஞ்சம் நழுவியது.
வாஷர் மறைத்துவிடும்.

பழைய மூன்று ஓட்டைகளுக்கும்
லாரியின் டாஷ்போர்டிலிருந்து பிடுங்கிய ரப்பர் மூடிகள்.
கவுண்டிக்குத் தெரியாது.
வாஷர், நட்டு. கையால் முடிந்தமட்டும் இறுக்கி
ஸ்பேனரால் கால் சுற்று.
டாம்மேல் இரு முழங்கைகளையும் ஊன்றி நின்றேன்.
அசையவில்லை.
விடியும்வரை அப்படியே நின்றிருப்பேன்,
வெளியே மறுபடி பனி.

வெள்ளிக்கிழமை. படைவீரர் மன்றம்.
வறுத்த மீன், கம்பு ரொட்டி, நாற்பது ஜோடி.
முதல் போல்கா பிரமாதம்.
இரண்டாவதில் விளிம்பைத் தட்டினேன்.
மறுபடியும் விளிம்பு.
டூபாவுக்குப் பின்னாலிருந்து லாயல் எட்டிப் பார்த்தான்.

எட்டு வருஷமாக
இறங்கும் ஒன்றைத் துரத்திய கை இது.
பாட்டுக்கு ஒரு விரற்கடை தாழத்
தானாகவே பழகியிருக்கிறது.
டாம் நின்றுவிட்டது என்ற சேதி
தோள்பட்டையைத் தாண்டிக்
கீழே இன்னும் போய்ச் சேரவில்லை.

மூன்றாவது பாட்டு.
நீளமாக ஓர் உருட்டல், முடிக்க ஓர் அடி.
குச்சி நேராகப் போனது
டாம் இந்நேரம் வந்திருக்கவேண்டிய இடத்துக்கு.

அடி காற்றில் விழுந்தது.

டோரின் துருத்தியை மூடாமலே சிரித்தாள்.
தாளத்தில்தான் விழுந்தது என்றாள்.